கோப்பையை ஒட்டுவது தங்கம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடைந்த பீங்கான் கலங்களைப் பொன்கோடு தெரியும்படி ஒட்டிச் சேர்க்கும் கின்ட்சுகி என்ற ஜப்பானியக் கலையைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு கைத்தொழிலுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் தந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் சில செய்திகள் தவறாக இருக்கின்றன; அவற்றுள் ஒன்று, வாசகர்களின் வயிற்றுக்குள் போகும் பொருள் சம்பந்தப்பட்டது. கணவரின் வேலை நிமித்தம் ஜப்பானின் கனசவா நகரில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தபோது, வாரத்தில் ஒரு நாள் ஒரு கைவினைஞரின் வீட்டு மாடியில் அமர்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் என்ற முறையிலும், மதுரைக்குத் திரும்பிய பிறகும் விடாமல் செய்துவருபவள் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், 'தங்கத்தை உருக்கி விரிசலில் ஊற்றி ஒட்டுகிறார்கள்' என்ற வரி. தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் உள்ள உலோகத்தை ஆறிக் கிடக்கும் கோப்பையின் மேல் ஊற்றினால், ஒட்டுவதற்குப் பதில் கோப்பை மேலும் வெடிக்கும். 'கின்' என்றால் பொன், 'ட்சுகி' என்றால் இணைப்பு என்று பெயரிலேயே பொன் முன்னால் நிற்பதால் இந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. உண்மையில் ஓடுகளை ஒட்டுவது உருஷி என்னும் மரப்பால். பொன் என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு, உருஷிக் கோட்டின் மேல் தூவப்படும் மிக நுண்ணிய பொடி. அதன் தடிமன் தலைமயிர் அளவுகூட வராது. பொன்னை நீக்கிவிட்டாலும் கோப்பை கோப்பையாகவே இருக்கும். உருஷியை நீக்கினால் கையில் மிஞ்சுவது ஓடுகள்தாம். ஜோமோன் என்னும் தொல்பழங்காலத்தின் உடைந்த மட்கலங்களை உருஷியால் ஒட்டியிருப்பது ஜப்பானிய அகழாய்வுகளில் தெரியவந்துள்ளது. அதாவது, பொன் தூவும் பழக்கத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே ஒட்டும் வேலை நடந்திருக்கிறது.

இந்த உருஷியைக் கட்டுரை 'அரக்கு' என்று குறிப்பிடுகிறது. அரக்கு, மரக்கிளைகளில் வாழும் ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உருஷியோ ஒரு மரத்தின் பட்டையைக் கீறும்போது கசியும் பால். அந்த மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்தில்தான் அதுவும் வருகிறது. மாங்காய்க் காம்பை ஒடிக்கும்போது தெறிக்கும் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும், முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்தவர்களுக்கும், சலவைத் துணிக்குக் குறிபோடப் பயன்பட்ட சேராங்கொட்டையைத் தெரியாமல் தொட்டு உடல் தடித்தவர்களுக்கும் உருஷி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் சேர்ந்த இரண்டாம் வாரம், கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே இருந்த இரண்டு விரல் அகல இடத்தில் ஒரு துளி பட்டதை நான் கவனிக்கவில்லை. மூன்று வாரம் மணிக்கட்டு முழுவதும் கொப்புளமும் அரிப்புமாக உறக்கமில்லாமல் கிடந்தேன். ஆசிரியர் என் கையைப் பார்த்துவிட்டு, இனி உருஷி உங்களை மறக்காது என்றார். நன்கு இறுகிய பிறகு அதே உருஷியில் எந்தத் தீங்கும் இல்லை. ஜப்பானியர்கள் அன்றாடம் சூப் குடிக்கும் மரக்கிண்ணங்களின் உட்புறமெல்லாம் அதைத்தான் பூசியிருக்கிறார்கள்.

ஜப்பானில் விளையும் உருஷியில் பெரும்பகுதி இவாத்தே மாநிலத்தின் நினொஹே நகரைச் சேர்ந்த ஜோபோஜி என்னும் பகுதியிலிருந்து வருகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தில் ஜூன் முதல் இலையுதிர் காலம் வரை சில நாட்களுக்கு ஒரு முறை கீறல் போட்டு, கசியும் பாலைச் சொட்டுச் சொட்டாக வழித்தெடுக்கிறார்கள். ஒரே நாளில் அதிகம் கீறினால் மரம் களைத்துப்போகும் என்பதால், முதல் கீறலைச் சிறியதாகப் போட்டு, அடுத்தடுத்த முறை அதற்கு மேலே சற்று நீளமாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். பருவம் முழுவதும் பாடுபட்டு ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லி, நம் வீட்டு டம்ளர் ஒன்றின் அளவு. பருவம் முடிந்ததும் அந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிவேரிலிருந்து புதுத்தளிர் கிளம்பி மறுபடி மரமாவதற்கு இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து இறக்குமதியாவதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். தேசியப் பொக்கிஷங்களான கட்டடங்களைப் புதுப்பிக்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாட்டுப் பண்பாட்டுத் துறை 2015ஆம் ஆண்டில் முடிவெடுத்த பிறகு, தேவை கூடி, மரம் போதாமல் இருக்கிறது. கட்டுரையில் பொன்னைப் பற்றி ஒன்பது வரிகள் இருந்தன. இந்தப் பால் எடுப்பவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அடுத்து, 'ஒரு மணி நேரத்தில் நீங்களும் செய்யலாம்' என்ற பெட்டிச் செய்தி. உருஷி, பெயின்ட் போலக் காய்வதில்லை. அதிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஈரத்தையும் ஆக்சிஜனையும் துணைக்கொண்டு அந்தப் பாலை மெல்ல மெல்லக் கெட்டிப்படுத்துகிறது. ஹிகொரொகுரோ யொஷிதா என்னும் ஜப்பானிய வேதியியலாளர் இந்த நொதியை 1883ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து எழுதினார். ஆகவே உருஷி இறுக வெயில் உதவாது; ஈரம்தான் வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பமும், 70 விழுக்காட்டுக்கு மேல் காற்று ஈரமும் இருக்கும்படி, முரோ என்று சொல்லப்படும் மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் இறுகச் செய்கிறார்கள். ஊருக்கு வந்த புதிதில், சித்திரை மாதத்து மதுரை வெயிலில் எதுவும் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று எண்ணி, ஒட்டிய தட்டு ஒன்றை அலமாரியில் அப்படியே வைத்துவிட்டேன். இருபது நாள் கழித்துத் தொட்டபோதும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பிறகு ஒரு பழைய தெர்மகோல் பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, மேலே கம்பிவலை போட்டு, அதன் மேல் தட்டை வைத்து மூடி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வைத்த பிறகே அது இறுகத் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தப் பெட்டிகூடத் தேவைப்படுவதில்லை.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு கோப்பையையே எடுத்துக்கொள்கிறேன். அது புதுச்சேரியில் வனைந்த, அதிக வெப்பத்தில் சுட்டு இறுகிய ஸ்டோன்வேர் கோப்பை. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971ஆம் ஆண்டில் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடத்தைத் தொடங்கினார்கள். டெபோரா ஸ்மித் அதற்கு முன் ஜப்பானின் பிசென் ஊரில் தொழில் கற்றவர். அவர்களிடம் பயின்றவர்களும், பயின்றவர்களிடம் பயின்றவர்களும் வனைவதால்தான் அந்தக் கடற்கரை ஊரின் கோப்பைகளில் ஜப்பானிய மண்பாண்டத்தின் சாயல் தெரிகிறது. பேத்தியின் கை பட்டு விழுந்த இந்தக் கோப்பை ஐந்து துண்டாயிற்று. விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு மட்டும் கிடைக்கவே இல்லை. கோதுமை மாவைத் தண்ணீர்விட்டுச் சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசைந்து, அதில் உருஷியைச் சேர்த்து, கத்தியால் தூக்கினால் நூலாக இழுபடும் வரை குழைத்தேன். துண்டுகளின் இரு பக்க விளிம்பிலும் அதை மெல்லியதாகத் தடவி, சற்று நேரம் காற்றாடவிட்டு, எந்தத் துண்டை முதலில் வைத்தால் கடைசித் துண்டு உள்ளே நுழையும் என்று முன்னரே பென்சிலால் போட்டுவைத்த எண்களின்படி சேர்த்தேன். இந்த வரிசை தவறினால் கடைசித் துண்டு தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கும். மொத்தத்தையும் பிரிக்க வேண்டிவரும். பின் மூன்று வாரம் பெட்டிக்குள் இருந்தது.

இணைப்பில் பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுத்த பிறகு, சில்லு போன இடத்தை மரத்தூளும் உருஷியும் கலந்த பசையால் இரண்டு தடவையாக அடைத்தேன். ஒரே தடவையில் அடைத்தால் மேலே இறுகி உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். அதன் மேல் மிக நுண்ணிய களிமண் தூளையும் உருஷியையும் கலந்து பூசி, இறுகியதும் நீர்விட்டு உப்புத்தாளால் தேய்த்து, விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டாத அளவுக்குச் சமப்படுத்தினேன். அடுத்து கறுப்பு உருஷி; அது இறுகியதும் மறுபடி தேய்ப்பு. அதன் பிறகே செங்காவி கலந்த சிவப்பு உருஷியால், நாலைந்து மயிர் மட்டுமே உள்ள தூரிகை கொண்டு, கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு முழுதும் இறுகிவிட்டால் பொன் பிடிக்காது. மிகவும் ஈரமாக இருந்தால் பொன் அதற்குள் மூழ்கிவிடும். வாயருகே வைத்து ஊதினால் கோட்டின் மேல் மெல்லிய பனி படியும் பக்குவத்தில், பட்டுப் பஞ்சால் பொடியை எடுத்து மெல்ல ஒற்ற வேண்டும் என்பது என் ஆசிரியர் சொல்லித்தந்த கணக்கு. கடைசியில் பொன்னுக்கு மேல் நீர்த்த உருஷியை ஏற்றித் துடைத்து, அகேட் கல்லாலோ கடல்மீனின் பல்லாலோ தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். என் கோப்பை இன்னும் செங்காவிக் கட்டத்துக்கு வரவில்லை. உடைந்து நான்கு மாதம் ஆகிறது.

வரலாற்றுச் செய்தி ஒன்றுக்கும் திருத்தம் தேவைப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், ஆக இருந்த அஷிகாகா யொஷிமசா, விரிசல் விட்ட தம் தேநீர்க் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பினார் என்றும், அது இரும்புக் கவ்விகள் போட்டுத் திரும்பி வந்த அவலட்சணத்தைக் கண்டு அவர் வெறுத்ததால் கின்ட்சுகி பிறந்தது என்றும் கட்டுரை சொல்கிறது. பல இடங்களில் சொல்லப்படும் கதைதான். ஆனால் அந்தக் கிண்ணம் இன்றும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அதே இரும்புக் கவ்விகளோடு இருக்கிறது. பகோஹான் என்பது அதன் பெயர். சீனத்து லோங்ச்சுவான் சூளையில் 13ஆம் நூற்றாண்டில் சுட்ட இளநீலப் பச்சைக் கிண்ணம். விளிம்பு பூவிதழ் போல வளைந்திருக்கும். யொஷிமசா இதைப் போன்ற வேறொன்று வேண்டும் என்று கேட்டனுப்ப, இத்தகைய கிண்ணம் இப்போது எங்களிடமும் இல்லை என்று சொல்லி, கவ்வி போட்டு அதையே திருப்பி அனுப்பினார்கள் என்று இதோ தோகாய் என்னும் அறிஞர் 1727ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். வெறுத்து ஒதுக்கிய பொருளாக இருந்தால், அந்தக் கவ்விகளை வைத்தே அதற்குச் சிறப்புப் பெயரிட்டு இத்தனை நூற்றாண்டு காத்திருக்க மாட்டார்கள். பொன்னே இல்லாத ஒரு பழுதுபார்ப்பை, அது வெளியே தெரியும்படியே போற்றிய வரலாறு இது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. 1615ஆம் ஆண்டில் ஒசாகா கோட்டை எரிந்தபோது, ட்சுகுமோ நாசு என்னும் புகழ்பெற்ற தேயிலைக் குப்பியும் தீயில் சிக்கியது. கோட்டையை வென்ற தொகுகாவா இயெயாசுவின் ஆணைப்படி ஃபுஜிஷிகே குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும் சாம்பலைத் துழாவி அதன் துண்டுகளைப் பொறுக்கி உருஷியால் சேர்த்தார்கள். இப்போது தோக்கியோவின் செய்காதோ அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் குப்பியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான், மட்கலத்தின் கண்ணாடி போன்ற மெருகு என்று கண்ணுக்குத் தெரிவது உருஷி என்பதும், உள்ளே ஒட்டுப்போட்ட துண்டுகள் இருப்பதும் உறுதியாயின. ஒட்டு தெரியவே கூடாது என்று உழைத்த கைகள் அவை. ஹொனாமி கோஎட்சு (1558–1637) வனைந்த செப்போ என்னும் ராகு வகைத் தேநீர்க் கிண்ணமோ வேறு விதம். அது சூளைக்குள்ளேயே வெடித்தது. அந்த வெடிப்புகளை உருஷியாலும் பொன்னாலும் நிரப்பினார்கள். வெள்ளை மெருகைப் பனி மூடிய சிகரமாகவும், பொன்கோடுகளைப் பனி உருகி இறங்கும் ஓடைகளாகவும் கண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். இவை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'ஜப்பானியர்கள் குறையைக் கொண்டாடுபவர்கள்' என்ற ஒற்றை வரியில் இந்த மரபு அடங்காது என்பது தெரியும். எந்தக் கலத்துக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இப்போது, நான் இக்கடிதம் எழுதுவதற்கு உடனடிக் காரணமான செய்தி. பெட்டிச் செய்தியில் பரிந்துரைத்தது போன்ற ஒட்டுப் பெட்டி ஒன்றை நானும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தவை இரண்டு குழாய் எபாக்சி பசையும், பொன்னிறப் பொடியும்தான். பத்து நிமிடத்தில் ஒட்டியது. பார்க்கவும் பளிச்சென்று இருந்தது. சூடான காப்பியை ஊற்றிய மூன்றாம் நாள் கைப்பிடி மட்டும் என் விரலில் நின்றது, கோப்பை மேசையில் விழுந்தது. நல்லவேளையாகக் காப்பி மடியில் கொட்டவில்லை. சாதாரண எபாக்சி பசைகளில் பல, கொதிக்கும் சூட்டில் இளகக்கூடியவை; உணவு படும் இடத்துக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. பொன்னிறப் பொடி என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பித்தளைப் பொடியோ, மைக்காத் தூளோதான். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பையும் தயிரையும் வைத்தால் களிம்பேறும் என்று அறிந்த வீடுகள் நம்முடையவை. அதே பித்தளைப் பொடியைப் பசையில் குழைத்துக் கிண்ணத்தின் உள்விளிம்பில் பூசி, அதில் குழந்தைக்குத் தயிர்சாதம் கொடுக்கலாம் என்று ஒரு பத்திரிகை சொல்லிவிடக் கூடாது. இந்தப் பெட்டிகளை யாரும் வாங்கவே கூடாது என்பது என் வாதம் அன்று. பூ வைக்கும் சாடிக்கும், பேனா போடும் குவளைக்கும், சுவரில் மாட்டும் தட்டுக்கும் அவை போதும். உண்ணும் கலத்துக்கும் குடிக்கும் கலத்துக்கும் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதை மட்டும், கட்டுரை வந்த அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

உண்மையான உருஷியால் ஒட்டிய கலத்துக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. பொன் இருப்பதால் மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது. நீரில் ஊறப்போடக் கூடாது. கம்பிநாரால் தேய்க்கக் கூடாது.

கட்டுரையோடு வந்த படமும் என்னை வருத்தியது. துணிக்குள் சுற்றிய புதுக் கோப்பையைச் சுத்தியலால் உடைத்து, பிறகு ஒட்டிக் கற்கும் ஒரு பயிற்சி வகுப்பின் படம் அது. பெரிதாக இருந்த தேநீர்க் கிண்ணத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் சிறிதாக்கி ஒட்டச் செய்தார் என்று ஃபுருதா ஒரிபே என்ற தேநீர்க் கலைஞரைப் பற்றியும் சொல்லப்படுவது உண்டு. ஆகவே உடைப்பதற்கு முன்மாதிரியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையால் வனைந்த ஒரு கோப்பைக்குப் பின்னால் மண் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, நிழலில் உலர்த்தி, அடிப்பாகம் செதுக்கி, ஒரு முறை சுட்டு, மெருகு முக்கி, மறுமுறை 1200 டிகிரிக்கும் மேல் சுட்டெடுத்த ஒருவரின் பல வார உழைப்பு இருக்கிறது. பழுதுபார்ப்பதன் பெருமையைக் கற்பிக்க, பழுதில்லாத உழைப்பை உடைக்க வேண்டியதில்லை. கை தவறி உடைந்தவை ஒவ்வொரு வீட்டிலும் தேவையான அளவு இருக்கின்றன.

உருஷித் தொழிலுக்குப் பேர்போன வாஜிமா நகரம், நான் குடியிருந்த கனசவாவுக்கு வடக்கே, அதே இஷிகாவா மாநிலத்தின் நோதோ தீபகற்பத்தில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஏற்பட்ட 7.6 அளவிலான நிலநடுக்கத்தில் அந்நகரின் பட்டறைகள் பலவும் இடிந்தன. காலைச் சந்தைத் தெரு எரிந்து சாம்பலானது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம் பெய்த பெருமழை, எஞ்சியிருந்தவற்றையும் சேற்றில் மூழ்கடித்தது. பக்கத்திலுள்ள சுசு நகரின் மண்பாண்டச் சூளைகளும் சரிந்தன. கின்ட்சுகியை மனத் தேற்றலுக்கான உவமையாக எடுத்துக்கொண்டு எழுதுபவர்கள் உலகெங்கும் பெருகியிருக்கும் இந்த நாளில், அந்த உருஷியைத் தடவும் கைகள் தற்காலிகக் கொட்டகைகளில் அமர்ந்து மறுபடி தூரிகை எடுத்த செய்தியையும் தமிழ் வாசகர்கள் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கள் இணைப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், எனக்குத் தெரிந்தவற்றைத் தருவதற்கு மகிழ்ச்சியோடு காத்திருக்கிறேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு, உடைந்த கோப்பையோடு அமர்ந்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். அவசரப்பட்டு உடனடிப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். பிறகு உருஷியால் ஒட்ட நினைத்தால், அந்தப் பசை முழுவதையும் ஓட்டின் விளிம்பிலிருந்து எடுத்தாக வேண்டும், அதற்குள் விளிம்பே தேய்ந்துபோகும். துண்டுகளைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியே செய்தித்தாளில் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொடிச்சில்லுகளையும் கூட்டித் தள்ளாமல் ஒரு காகித உறையில் போட்டு, அதே பொட்டலத்தோடு வையுங்கள். அந்தப் பொட்டலம் எத்தனை ஆண்டு கழித்துப் பிரித்தாலும் கெடாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை